ஒரே மாதிரி இருக்கிற கோதுதான் ஒரே இடத்தில அடிக்கும்

ரைபிள் போட்டி சுடுறவங்கள்ல கெட்டிக்காரங்க ரேஞ்சில படுத்துக் கிடக்கிற நேரத்த விட வீட்டுல மேசையில இருந்து சுட்ட ரவைட வெறும் பித்தளைக் கோதோட மினக்கெடுற நேரம்தான் கூட எண்டு சொன்னா இஞ்ச ஆரும் நம்பமாட்டாங்க, குறி எண்டா கண்ணும் கையும்தான் எண்டு நினைப்பாங்க. கண்ணும் கையும் வேணும்தான். ஆனா 1000 யார், அதாவது 1000 கெஜம், தூரத்துக்குச் சுடக்குள்ள சன்னம் எங்க போய் விழும் எண்டுறதில பெரிய பங்கு, சுடுறதுக்கு ரெண்டு மூணு நாளைக்கு முதல் அந்தக் கோதுக்கு என்ன செஞ்சாங்க எண்டுறதில கிடக்கு. இந்தப் பதிவு முழுக்க அதுதான், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

நான் மட்டக்களப்புக் கல்லடியில லேத் வேல செய்யுற ஆள். போட் என்ஜினுக்கு புஷ், தண்ணிப் பம்புக்கு புஷ், நெல் மில்லுச் சாமான், லாண்ட்மாஸ்டர் சாமான் எண்டு பித்தளையும் வெண்கலமும் நாளாந்தம் கையில படுற பொருள். அக்காட புருசன், எங்கட அத்தான், ஊர் ஆரையம்பதி, கனடாவில ஒன்டாரியோவுக்குப் போய்க் கனகாலம். அங்க முறையா லைசென்ஸ் எடுத்து எஃப் கிளாஸ் எண்டுற போட்டி சுடுறார். படுத்துக்கிட்டு, துவக்குக்கு முன்னால தாங்கி குடுத்து, தொலைநோக்கி பூட்டித் தூரத்துக்குச் சுடுற போட்டி அது, ஜோர்ஜ் ஃபார்க்குஹார்சன் எண்டுற கனடாக்காரர் தொடங்கி வச்சது, அவர்ர குடும்பப் பேர்ர முதல் எழுத்துத்தான் அந்த எஃப். மருமகள்ட கலியாணத்துக்குப் போய் நிண்ட நேரம் அத்தான் என்னப் பேஸ்மென்டுக்குக் கூட்டிப் போய், "தம்பி நீ உலோகம் தெரிஞ்சவன், இதப் பாரு" எண்டு மேசையில இருந்த கோது எல்லாத்தையும் முன்னுக்குத் தள்ளி வச்சார். அண்டையில இருந்து எங்கட போன் கதை எல்லாம் இதுதான், அக்காவுக்குச் சரியான எரிச்சல்.

உள்ளுக்குப் போக முதல் ஒண்டு. இது நம்மட இலங்கையில வீட்டுல வச்சுச் செய்யுற வேல இல்ல. துவக்குக்கு லைசென்ஸ், ரவைக்கும் மருந்துக்கும் சட்டம், 1916ம் ஆண்டு துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் இண்டைக்கும் இருக்கு. கனடாவில லைசென்ஸ் உள்ள ஆள் தன்ட சொந்தப் பாவிப்புக்கு ரவை செய்ய சட்டம் விடுது, அதனாலதான் அத்தான் செய்யுறார். படுவான்கரைப் பக்கம் பன்றிக்கு எண்டு வைக்கிற கட்டுத்துவக்கால கால் போன ஆக்களையும் காயப்பட்ட மாடு யானையையும் நமக்குத் தெரியும், அந்தக் கேவலமான வேலைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வயலுக்குள்ளயோ காட்டுக்குள்ளயோ பழைய ரவை, கோது எது கிடந்தாலும் தொடாதீங்க, பொலிசுக்குச் சொல்லுங்க. சின்ன வயசில பித்தளை எண்டு பொறுக்கி பழைய சாமான்காரருக்கு வித்தது நம்மள்ல கனபேருக்கு ஞாபகம் இருக்கும், அந்தக் கோதுட கதை வேற, அத நான் இஞ்ச எழுதப்போறதில்ல. இஞ்ச எழுதுறது உலோகத்தப் பத்தி.

ஒரு ரவையில நாலு சாமான்: கோது, அடியில துவக்குட ஊசி அடிச்ச உடன நெருப்புக் குடுக்கிற பிரைமர், உள்ளுக்குள்ள மருந்து, வாயில சன்னம். சுட்டாப் புறகு மிஞ்சுறது கோது ஒண்டுதான், அதத்தான் திரும்பத் திரும்பப் பாவிக்கிற. அத்தான் சுடுறது .308 வின்செஸ்டர், 1952ல வந்த அளவு. அது சுடுபடக்குள்ள உள்ளுக்குள்ள சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல் வரைக்கும் அமுக்கம் போகலாம். அந்த அமுக்கத்தில பித்தளை பொம்மி சேம்பர்ர, அதாவது துவக்குக்குள்ள ரவை குந்துற குழிட, சுவரோட போய் இறுக்கி ஒட்டிக்கிது, அதனாலதான் நெருப்பும் காத்தும் பின்னால முகத்துக்கு வராம சன்னத்தத் தள்ளிக்கிட்டு முன்னால போகுது. அமுக்கம் இறங்கின உடன பித்தளை ஒரு மயிரளவு திரும்பிச் சுருங்குது, அதனாலதான் கோத வெளிய எடுக்க ஏலுது. இரும்புக்கோ அலுமினியத்துக்கோ இந்தக் குணம் இவ்வளவு வடிவா இல்ல. 100 பங்கில 70 செம்பு 30 நாகம், அதுதான் கோதுப் பித்தளை. லேத்தில கடைய அது நல்லமில்ல, சீவல் நாடா மாதிரி இழுபடும், கடையுறதுக்கு எண்டு ஈயம் கலந்த பித்தளை வேற இருக்கு. ஆனா இழுத்து நீட்டி ஒரு தட்ட குழாயாக்குறதுக்கு இத மிஞ்சின பித்தளை இல்ல.

இப்ப குறிக்கு வருவம். 1000 யாரில ஒரு நிமிடக் கோணம், அதாவது ஒரு பாகையில அறுபதில ஒரு பங்கு, எண்டா பத்தரை அங்குலம் கிட்ட. அந்தளவுக்குள்ள எல்லாத்தையும் போடணும் எண்டா ஒவ்வொரு சன்னமும் துவக்குக் குழாய விட்டு ஒரே வேகத்தில வெளிக்கிடணும், ஒண்டு செக்கனுக்கு 20 அடி கூடவோ குறையவோ போனா 1000 யாரில அது பல அங்குலம் மேல கீழ காட்டும். வேகம் ஏன் மாறுது? மருந்து அளவு ஒண்டா இருந்தாலும் கோதுட உள் இடம் மாறினா அமுக்கம் மாறும். கழுத்து சன்னத்தப் பிடிச்சிருக்கிற இறுக்கம் மாறினா அமுக்கம் மாறும். கோது சேம்பருக்குள்ள இருக்கிற இருப்பு மாறினா பிரைமர்ல ஊசி அடிக்கிற அடி மாறும். ஒரே கொத்தால அளந்து போட்டாத்தான் உலையில அரிசி ஒரே அளவு, ஆளுக்கொரு கொத்து கொண்டு வந்தா சோறு எப்பிடி ஒரு பதமா வரும்? கோது எல்லாத்தையும் ஒரே கொத்தா ஆக்குறதுதான் முழு வேலையும். ஒரு கோது திறமா இருக்கிறதால ஒண்டும் இல்ல, பெட்டியில இருக்கிற அவ்வளவும் ஒண்டப்போல ஒண்டு இருக்கணும். எனக்கு இதில பிடிச்சதே இதுதான், நாங்க லேத்தில ஒரு புஷ்ஷ சரியாச் செஞ்சா போதும், இவங்க அவ்வளவையும் சரிக்குச் சரி செய்யணும்.

முதல் வேல, சுட்ட கோத பழைய அளவுக்குக் கொண்டு வாறது. சுட்டாப் புறகு கோது அந்தத் துவக்குட சேம்பர்ர அச்சு அப்பிடியே எடுத்திருக்கும். அத ஒரு டைக்குள்ள, அதாவது உருக்கு அச்சுக்குள்ள, கைப்பிடி பிரஸ்ஸால தள்ளி இழுக்கிறாங்க. டைக்குள்ள போகக்குள்ள உடம்பு கொஞ்சம் ஒடுங்கும், தோள், அதாவது உடம்பு கழுத்துக்கு ஒடுங்குற சரிவு, கொஞ்சம் பின்னுக்குப் போகும், கழுத்து இறுகும். எவ்வளவு எண்டுறதுதான் கேள்வி. முந்தி கனபேர் கழுத்த மட்டும் ஒடுக்கிப்போட்டு உடம்பத் தொடாம விட்டவங்க, சேம்பருக்கு அச்சொட்டா இருக்கிற கோதுதான் குறிக்கு நல்லம் எண்டு. நாலஞ்சு தரம் சுட்டாப் புறகு கோது இறுகிப் போய் சேம்பரப் பின்னால அடைக்கிற போல்ட்ட மூடக் கஷ்டம், மூடுற நேரம் துவக்கு அசைஞ்சு இலக்கு மாறிரும். இப்ப மேல் மட்டத்தில சுடுறவங்கள்ல கூடின ஆக்கள் முழு உடம்பையும் ஒடுக்கிற, ஆனா தோள சுட்ட அளவில இருந்து ஒரு தௌ, ரெண்டு தௌ மட்டும் பின்னுக்குத் தள்ளுற. ஒரு தௌ எண்டா அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு, 0.025 மில்லிமீட்டர். ரெண்டு தௌ 0.05. மனிசன்ட மயிர் ஒண்டுட தடிப்பு இத விடக் கூட.

அத்தான் இத எப்பிடிப் பிடிக்கிறார் எண்டு பாத்தன். டிஜிட்டல் காலிப்பர்ல ஒரு சின்ன அடப்பு பூட்டியிருக்கார், அதில ஒரு துளை, துளைட விளிம்பு கோதுட சரிஞ்ச தோளில ஒரு குறிச்ச இடத்தில போய்க் குந்தும். அதில இருந்து அடி வரைக்கும் எவ்வளவு எண்டு பாக்குறார். சுட்ட கோது ஒண்ட அளக்குறார், எழுதுறார், டைய பிரஸ்ஸில அரைக்கால் திருகு திருகுறார், ஒரு கோத அடிக்கிறார், திரும்ப அளக்குறார். நான் பக்கத்தில நிண்டு, இந்தக் காலிப்பர ரெண்டு தௌவுக்கு எப்பிடி நம்புற, மைக்ரோமீட்டர் தேவையில்லயா எண்டு கேட்டன். "நான் நீளத்த அளக்கலடா தம்பி, வித்தியாசத்தத்தான் அளக்கிறன், அதுக்கு இது காணும்" எண்டார். சரியான கதை. ஒரே கை, ஒரே அமுக்கு, ஒரே அடப்பு எண்டா வித்தியாசம் நம்பிக்கையா வரும்.

ஒடுக்கக்குள்ள எண்ணெய் இல்லாட்டி கோது டைக்குள்ள இறுகி நிண்டுரும், அடிய இழுத்தா அடி கிழிஞ்சு வரும், மறுகா அதக் கழட்டுறது ஒரு நாள் வேல. அத்தான் பூசுறது லனோலின், செம்மறி ரோமத்தில இருந்து எடுக்கிற கொழுப்பு, அத சுத்தமான அல்ககோல்ல கரைச்சு ஸ்ப்ரே போத்தலில வச்சிருக்கார். அடிச்சுப்போட்டு அல்ககோல் பறக்குற வரைக்கும் விட்டுத்தான் ஒடுக்குவார், அந்தப் பொறுமை இல்லாட்டி பூசினதில பிரயோசனம் இல்ல. தோளில கூடிப் போனாலும் பிழை, டைக்குள்ள எண்ணெய்க்குப் போக இடமில்லாம தோளில ஒரு குழி விழும். விரல்ல தொட்டா வழுக்கணும், பாத்தா தெரியக்கூடாது, அதுதான் கணக்கு.

இனி எனக்குச் சரியாப் பிடிச்ச இடம், பதப்படுத்துறது, அனீலிங். செம்புக் கம்பிய இப்பிடியும் அப்பிடியும் வளைச்சுக்கிட்டு இருந்தா அது வளைய வளைய இறுகிக் கடைசியில முறியும், கை வேல செய்யுற எல்லாருக்கும் தெரியும். கோதுட கழுத்துக்கும் இதுதான் நடக்கு. சுடக்குள்ள விரியுது, டைக்குள்ள ஒடுங்குது, திரும்ப விரியுது. ஒவ்வொரு தரமும் பித்தளை இறுகுது. இறுகின பித்தளைக்குத் திரும்பிப் பாயுற குணம் கூட, அதாவது டை எவ்வளவு ஒடுக்கினாலும் டைய விட்டு வெளிய வந்த உடன கொஞ்சம் திரும்பி விரியும். ஒரு தரம் சுட்ட கோது ஒரு அளவு திரும்பும், ஆறு தரம் சுட்டது இன்னொரு அளவு திரும்பும். ஒரே டை, ஒரே கை, ஆனா கழுத்துட இறுக்கம் வேற வேற. தோளும் அப்பிடித்தான், ரெண்டு தௌ எண்டு வச்சா ஒண்டில ரெண்டு வரும், ஒண்டில ஒண்டு வரும். ஒரே மாதிரி எண்டுற கதை அதோட முடிஞ்சுது. கடைசியில கழுத்து நீளப்பாட்டுக்கு வெடிக்கும்.

அதுக்குத்தான் கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கி இளக்குறது. மட்டும் எண்டுறத அழுத்திச் சொல்லுறன். கோதுட அடி இறுக்கமாத்தான் இருக்கணும், அடிக்குத்தான் சேம்பர்ர தாங்கல் இல்ல, அமுக்கம் முழுக்க அதுதான் தாங்குது. அடி இளகினா சுடக்குள்ள கிழிஞ்சு நெருப்புக் காத்து முகத்துக்கு வரும், கண் போகும். இளகின அடிய வீட்டுல திரும்ப இறுக்க வழியே இல்ல. உருக்கு வேல செய்யுற எங்கட ஆக்களுக்கு இஞ்ச ஒரு குழப்பம் வரும், சூடாக்கித் தண்ணியில போட்டா இறுகும் எண்டு. உருக்குக்குத்தான் அது. பித்தளைக்குச் சூடு பட்டா இளகும், தண்ணியில போட்டாலும் போடாட்டியும் இளகினது இளகினதுதான், தண்ணி செய்யுற ஒரே வேல சூடு அடிப்பக்கம் ஓடாம மறிக்கிறது.

பழைய ஆக்கள் அடியக் கையில பிடிச்சு மெழுகுதிரி நெருப்பில கழுத்தக் காட்டி உருட்டுவாங்களாம், விரல் சுடத் தொடங்கினா விட்டுரணும். இன்னொரு முறை தட்டில தண்ணி விட்டு கோதுகள நிமித்தி வச்சு மேலால டோர்ச் அடிக்கிறது, அடி தண்ணிக்குள்ள நிக்கிறதால சூடாகாது. இப்ப நியூசிலாந்தில செய்யுற ஏஎம்பி எண்டுற மின் தூண்டல் மெசின் இருக்கு, கோத வச்சா செக்கன் கணக்கில சரி பாத்துச் சூடாக்கித் தரும், விலையும் அப்பிடித்தான். அத்தான்கிட்ட அது இல்ல. கோது கொள்ளுற மாதிரி ஒரு குழிச் சொக்கட், அத மெதுவாச் சுத்துற ட்ரில்லில பூட்டி, காஸ் டோர்ச்ச ஒரு தாங்கியில இறுக்கி, நெருப்புட நீல நுனி கழுத்தும் தோளும் சேருற இடத்தில படுற மாதிரி வச்சிருக்கார். மறுகா லைட்ட அணைச்சார். இருட்டில கோது சுத்திக்கிட்டே இருக்கு, கொஞ்ச நேரத்துக்கு ஒண்டும் இல்ல, புறகு கழுத்துட வாயில ஒரு மங்கின சிவப்பு வருமா வராதா எண்டு வாற நேரம் அத்தான் டக்கெண்டு சரிச்சுத் தட்டில கொட்டினார். நல்லாச் சிவந்தாக் கூடிப்போச்சு, பித்தளைக்குள்ள இருக்கிற நுண்ணிய உலோக மணிகள் பெருத்து அது அளவுக்கு மிஞ்சி இளகிப் போயிரும், சன்னத்தப் பிடிக்காது. அந்த நேரத்த முதல்ல வீணான ஒரு கோதில பாத்து, டிக் டிக் எண்டு தாளம் தட்டுற மெட்ரோனோம் சத்தத்துக்கு எண்ணி, மற்ற எல்லாத்துக்கும் அதே எண்ணிக்கைதான் வைக்கிறார். அடிப்பக்கம் சூடு எவ்வளவு ஏறுது எண்டு பாக்குறதுக்கு குறிச்ச வெப்பத்தில உருகுற ஒரு பூச்சு விக்கிறாங்க, அத உடம்பில ஒரு கோடு இழுத்து விட்டா உருகின இடமும் உருகாத இடமும் தெரியும்.

ஆறின கோத லைட்டுக்குப் பிடிச்சுப் பாத்தா கழுத்தில ஒரு நீலம், அதுக்குக் கீழ மண்ணிறம், தோளுக்குக் கொஞ்சம் கீழ வந்து நிண்டிருக்கும். புதுசா வாங்குற பின்லாந்து லபுவா கோதில அந்த நிறத்த அப்பிடியே விட்டுத்தான் விக்கிறாங்க, இராணுவக் கோதிலயும் அப்பிடித்தான். பதப்படுத்தினதுக்கு அதுவே அத்தாட்சி. தெரியாத ஆள் அத அழுக்கு எண்டு நினைச்சுத் தேய்ப்பார்.

தேய்க்கிற கதைக்கு வந்தா, இதில நம்மட ஆக்கள் ஆருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்ல. வைகாசியில கண்ணகி அம்மன் சடங்கு வர முதல் கோயில் குத்துவிளக்கு, செம்பு, தட்டம் எல்லாத்தையும் புளி போட்டுத் தேய்ச்சு எடுக்கிறம்தானே, புளியில இருக்கிற அமிலம் அந்தக் கறுப்பக் கரைக்குது. அத்தான் செய்யுறதும் அதுதான், ஒரு றப்பர் டிரம்முக்குள்ள தண்ணி, அக்கா சட்டி கழுவுற அதே லிக்குவிட் கொஞ்சம், சிட்ரிக் அசிட் ஒரு சிட்டிகை, சின்னச் சின்ன ஸ்டெயின்லெஸ் ஊசி ஒரு குவியல், எல்லாத்தோடயும் கோதப் போட்டுச் சுத்த விடுறார். சிட்ரிக் அசிட் எலுமிச்சம் புளிப்புத்தான். கூட நேரம் கூடப் புளி எண்டா நாகம் கரைஞ்சு மேல செம்பு மிஞ்சும், கோது ரோசா நிறத்துக்கு வந்துரும், விளக்குத் தேய்க்கக்குள்ளயும் இதக் கண்டிருப்பீங்க. கழுவின புறகு உள்ளுக்குள்ள ஒரு துளி தண்ணி இருக்கக்கூடாது, பிரைமர்ர நெருப்பு உள்ளுக்கு வாற அடித் துளையில ஊசி ரெண்டு சேர்ந்து இறுகி நிக்கும், ஒவ்வொண்டாத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாக்கணும்.

ஒண்டு மட்டும் படாமப் பாக்கணும், அமோனியா. போத்தலில விக்கிற சில பித்தளைப் பொலிஷில அது இருக்கு, விளக்குக்குப் பரவாயில்ல, கோதுக்கு ஆகவே ஆகாது. வெள்ளைக்காரன்ட பட்டாளம் இந்தியாவில இருந்த காலத்தில மாரிக்குக் குதிரை லாயத்துக்க ரவைப் பெட்டிகள வச்சாங்க, மழை முடிஞ்சு எடுத்துப் பாத்தா கோது எல்லாம் கழுத்துப் பக்கம் வெடிச்சுக் கிடக்கு. ஆரும் சுடல, ஆரும் தொடல. மாரியில மட்டும் நடக்கிறதால பருவ வெடிப்பு எண்டு பேர் வச்சாங்க. காரணம் 1921ல மூர், பெக்கின்சேல், மல்லின்சன் எண்டுற மூணு பேர்தான் விளங்கப்படுத்தினாங்க: குதிரை மூத்திரத்தில இருந்து வாற அமோனியாக் காத்தும் ஈரமும், அதோட பித்தளைக்குள்ள இழுத்து நீட்டின வேலையால தங்கி நிக்கிற இறுக்கமும் சேர்ந்து வெடிக்க வைக்குது. அந்த உள் இறுக்கத்த எடுக்கிறதுக்கும் இதே பதப்படுத்தல்தான் மருந்து. இத அத்தானுக்கு நான்தான் சொன்னன், பட்டறையில பழகின பெரியவர் ஒராள் எனக்குச் சொன்ன கதை. கடக்கரை உப்புக் காத்தும் மார்கழி மழையும் எங்கட பித்தளைச் சாமான என்ன பாடு படுத்துது எண்டு தெரிஞ்சவனுக்கு அந்தக் கதை உடன விளங்கும்.

ஆனா ஒண்டு, கழுத்துட உள்பக்கம் பளிச்செண்டு ஆகுறது அத்தானுக்கு விருப்பமில்ல. சுட்ட கரி ஒரு மெல்லிய படையா அங்க இருந்தா சன்னம் ஒரே மாதிரி வழுக்கி இறங்குது, முழுக்கச் சுத்தமான பித்தளையில சன்னம் கவ்விப் பிடிக்குது, சில நாளையில ஒட்டியே போகுது. அதனால போட்டிக் கோதுகள அவர் தண்ணியில போடுறது குறைவு, சோளப் பொத்தித் தூளுக்க உலர் டிரம்மில விட்டு, கழுத்துக்குள்ள நைலோன் பிரஷ் ரெண்டு தரம் விட்டு எடுக்கிறார். இதில சுடுறவங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி இருக்கு. நான் அத்தான்ட பக்கம். பளபளப்பு இலக்குக்குத் தெரியாது.

நீளத்துக்கு வாறன். ஒவ்வொரு தரமும் ஒடுக்கக்குள்ள பித்தளை கழுத்துப் பக்கம் ஊர்ந்து கோது நீளுது. .308க்கு கூடினது 51.18 மில்லிமீட்டர், வெட்டுறது 50.93க்கு. அதுக்கு மேல நீண்டா கழுத்துட வாய் சேம்பர்ர முடிவில போய் முட்டி சன்னத்த நெரிச்சுப் பிடிக்கும், அமுக்கம் ஏறும், அது ஆபத்து. வெட்டின வாயில உள்ளயும் வெளியயும் பிசிர் நிக்கும், நகத்தால தடவினா பிடிக்கும். உள் பிசிரச் சரிச்சு வழிச்சு எடுக்காட்டி சன்னத்துட மேல் செம்ப அது கீறும், ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு மாதிரிக் கீறும். கையால மூணு சுத்து, அதுக்கு மேல வழிச்சா வாய் கத்தி மாதிரி மெலிஞ்சு போகும்.

பிரைமர் பொக்கட், அதாவது பிரைமர் குந்துற குழி, சுத்தம் செய்யுறது சின்ன வேல, விட்டாச்சு. அடித் துளை மட்டும் பாக்கணும், கூடின கம்பனிகள் அத அமுக்கிக் குத்தி எடுக்கிறதால உள்பக்கம் ஒரு செதில் நிக்கும், நெருப்பு ஒரு பக்கம் சரிஞ்சு போகும். அத ஒரு தரம் வழிச்சா அந்தக் கோதுட ஆயுளுக்கும் போதும். நடுவில ஒரு துளை உள்ளது பொக்ஸர் வகை, ரெண்டு சின்னத் துளை உள்ளது பேர்டன் வகை, அதத் திரும்பப் பாவிக்கிறது பெரிய கரைச்சல். பொக்ஸர் இங்கிலாந்துக்காரர், ஆனா அமெரிக்கா அவர்ர முறையப் பிடிச்சுது. பேர்டன் அமெரிக்கர், அவர்ர முறை ஐரோப்பாவுக்குப் போச்சு.

நிறை பாத்துப் பிரிக்கிறத ஆக்கள் பெரிசாச் சொல்லுவாங்க. தங்கம் நிறுக்குற மாதிரித் தராசில கிரெயின் கணக்கில, ஒரு கிரெயின் 65 மில்லிகிராம் கிட்ட. நிறை வித்தியாசம் எண்டா உள் இட வித்தியாசம் எண்டு நினைச்சுத்தான் பிரிக்கிற, ஆனா அடியில கொழுவி இழுக்கிறதுக்கு வெட்டின வட்டக் காடி கொஞ்சம் ஆழம் கூடினாலே நிறை மாறும், உள் இடம் அப்பிடியே இருக்கும். லேத்காரன்ட கண்ணுக்கு அது உடன தெரியும். உண்மையா உள் இடம் தெரியணும் எண்டா தண்ணி நிரப்பி நிறுக்கணும். என்ட கருத்து, நல்ல கம்பனிட ஒரே தொகுதிக் கோது வாங்கி, அதப் பிரிக்காம, ஒரே எண்ணிக்கை சுட்டத ஒரே பெட்டியில வச்சாலே நிறையில பிரிக்கிறத விடக் கூடின பலன் கிடைக்கும். அத்தான்ட பெட்டி ஒவ்வொண்டிலயும் தமிழ்ல எழுதியிருக்கார், எத்தின தரம் சுட்டது, எப்ப சூடு காட்டினது, எப்ப வெட்டினது எண்டு. அவர்ர கிளப்பில வேற ஆருக்கும் வாசிக்கத் தெரியாது.

கழுத்துட சுவரச் சுத்திவர ஒரே தடிப்புக்குச் சீவுற வேல ஒண்டு இருக்கு. குட்டி லேத் எண்டே சொல்லலாம், உள்ளுக்குள்ள ஒரு உருள்கம்பி, வெளியால ஒரு வெட்டு நுனி, சீவல் மயிர் மாதிரி விழும். எனக்குக் கை துறுதுறுத்துது, அத்தான் எனக்கு ஒரு பெட்டிய விட்டுத் தந்தார், நல்ல வடிவான வேல. அப்பிடி இருந்தும் சொல்லுறன், கழுத்துத் தடிப்பு ஏற்கெனவே ஒரு தௌவுக்குள்ள நிக்கிற நல்ல கோதுக்கு இது தேவையில்ல, சேம்பரே ஒடுக்கமா வெட்டின துவக்குக்குத்தான் கட்டாயம். அந்த நேரத்தக் கொண்டு போய்ச் சூடு காட்டுறதில போட்டா புண்ணியம். ஒடுக்கின புறகு கழுத்துக்குள்ள அளவான ஒரு உருள்கம்பிய விட்டு எடுத்தா உள் விட்டம் சன்னத்த விட ரெண்டு தௌ சின்னதா, எல்லாத்திலயும் ஒண்டா நிக்கும், சுவர்ர மேடு பள்ளம் வெளிப்பக்கம் தள்ளுப்படும். இதுக்குச் செலவும் குறைவு.

எல்லாம் முடிஞ்சு பெட்டியில அடுக்க முதல் அத்தான் ஒரு கம்பியத் தூக்குவார். கடதாசி கொழுவுற கிளிப்ப நிமித்தி, நுனிய ஒரு கொக்கியா வளைச்சு, கூராத் தீட்டினது. அத கோதுக்குள்ள அடி வரைக்கும் விட்டு, சுவரோட அழுத்திப் பிடிச்சு மெதுவா மேல இழுப்பார். அடியில தடிச்ச பித்தளை மெலியத் தொடங்குற இடம் ஒண்டு இருக்கு, தோளக் கூடத் தள்ளிக் கூடத் தள்ளிச் சுட்ட கோதுகள் அந்த இடத்திலதான் ஒவ்வொரு தரமும் இழுபட்டு உள்பக்கமா வளையம் போல மெலியும், அது முழுக்க விட்டா கோது சேம்பருக்குள்ள ரெண்டா முறியும். நல்ல கோதில கம்பி சிக்காம வழுக்கிக்கிட்டு வரும். எனக்கும் தந்து பாக்கச் சொன்னார், எங்கயோ வாங்கின பழைய தொகுதி ஒண்டில, ஒரு கோதில கம்பி டிக்கெண்டு ஒரு சின்னக் காடியில விழுந்துது, கைக்குத் தெரிஞ்சுது. திருப்பி வெளிய பாத்தா அதே உயரத்தில ஒரு வெளிறின கோடு, சுத்திவர. அத்தான் அந்தக் கோத மட்டும் எடுக்கல, அந்தப் பெட்டி முழுக்கத் திரும்பக் கம்பி விட்டார், காடி தட்டினதும் சந்தேகமானதும் ஒரு பக்கம் வந்துது. ஒவ்வொண்டுட வாயையும் குறட்டால நெரிச்சு மூடித்தான் பழைய பித்தளை வாளிக்குள்ள போட்டார், நெரிக்காம விட்டா ஆரோ ஒராள் நல்ல கோது எண்டு எடுத்துச் சுட்டுருவாராம்.